பத்தாவது ஆள்

அப்பாவின் இடது காலில் இரண்டு விரல்கள் வளைந்திருந்தன. உடலைக் குளிப்பாட்டிய அடக்கச் சங்கத்துக்காரர் வெளியே வந்து, "விரல்ல என்னம்மா, பொறக்கும்போதே அப்படியா?" என்று கேட்டார். சிலிண்டர் விழுந்தது என்றேன். சமையல் எரிவாயு சுமந்து பிழைத்த மனிதருக்கு அது சகஜம்தானே என்று தலையாட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கும் அந்த நேரத்தில் மேற்கொண்டு சொல்லத் தெம்பு இல்லை.

அப்பாவின் பெயர் ஷப்தாய் பராஸானி. குர்திஸ்தானின் ஸாக்கோவில் பிறந்து, எட்டு வயதில் விமானம் ஏறி ஜெருசலேமுக்கு வந்தவர். சந்தைக்குப் பின்னால் இருக்கும் சந்துகளில் முப்பத்தெட்டு ஆண்டுகள் சிலிண்டர் போட்டார். எந்த வீட்டு மாடிப்படியில் எத்தனையாவது கல் ஆடும் என்பது அவருக்குத் தெரியும். எந்த வீட்டில் அடுப்பு எரிவது குறைந்துவிட்டது, யார் தனியாகச் சாப்பிடுகிறார்கள் என்பதும் தெரியும்.

எப்போதும் தெருவில் இருப்பவர் என்பதால் அவருக்கு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. யூதர்களான எங்கள் பிரார்த்தனைக்குப் பத்து ஆண்கள் வேண்டும். இறந்தவருக்காகச் சொல்லும் கத்தீஷ் பிரார்த்தனையை ஒன்பது பேரை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ணுவதும் கூடாது. கண்பட்டுவிடும். பத்துச் சொற்கள் உள்ள ஒரு வசனத்தைச் சொல்லி, ஆளுக்கு ஒரு சொல்லாகக் கண்ணாலேயே வைத்துக்கொண்டு போவார்கள். கடைசிச் சொல்லுக்கு ஆள் இல்லையென்றால் யாராவது வாசலுக்கு வந்து, "பத்தாவது! பத்தாவது!" என்று கத்துவார். அப்பா வண்டியை அப்படியே ஓரமாக விட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போவார். யாருக்காக, என்ன பிரார்த்தனை என்று கேட்டதே இல்லை. வெயிலில் சிலிண்டருக்குக் காத்திருக்கும் பெண்கள் அம்மாவிடம் வந்து சண்டை போடுவார்கள்.

"உங்க வீட்டுக்காரருக்கு அடுப்பு முக்கியமா, ஆமென் முக்கியமா?"

"அவரையே கேளுங்க. எனக்கே மூணு நாளா அடுப்பு எரியல" என்பாள் அம்மா.

நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது இது நடந்தது. அரபுகளோடு நடந்த சமாதானப் பேச்சு உச்சத்தில் இருந்த இலையுதிர் காலம் அது. எந்த ஊரை விட்டுக்கொடுப்பது, எந்தக் குன்றை வைத்துக்கொள்வது என்று தினமும் செய்தி. எங்கள் சந்தின் சுவர்களில் "துரோகி" என்ற சொல்லை ஒட்டாத இடம் இல்லை. மழை வந்து ஒன்றைக் கரைத்தால் மறுநாள் காலை இரண்டு இருக்கும்.

அடுத்த தெருவில் யோயேல் தால்மோன் என்ற நில அளவையாளர் இருந்தார். பேச்சுவார்த்தைக் குழுவுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது அவர் வேலை. கடவுள் நம்பிக்கை கிடையாது. ஓய்வுநாளில் கார் ஓட்டுகிறவர். ஆனாலும் அவர் தாய் இறந்தபோது ஏழு நாளும் துக்கம் காத்தார். அந்த ஏழு நாளும் அவர் வீட்டுக்குப் பத்தாவது ஆளாகப் போனவர் அப்பா.

எங்கள் சந்தில் எல்கானா குடிவந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. குன்றின் மேல் உள்ள ஒரு குடியேற்றத்திலிருந்து வந்தவன், வேதபாடசாலை ஆசிரியர், முப்பது வயது. மரியாதையான ஆள். அப்பா மாடிக்குச் சிலிண்டர் தூக்கினால் புத்தகப் பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு கை கொடுப்பான். ஒரு நாள் படிக்கட்டில் நின்று அப்பாவிடம் கேட்டான்.

"ஷப்தாய் அண்ணே, ஒரு உதவி."

"சொல்லு தம்பி. கேஸ் தீந்துடுச்சா?"

"அது இல்லண்ணே. தால்மோன் சார் இருக்காரே, அவங்க அம்மா பேரு என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

எங்களில் நோயாளிக்காகப் பிரார்த்திக்கும்போது தாயின் பெயரைச் சேர்த்துத்தான் சொல்வோம். இன்னாளின் மகன் இன்னான் என்று. அதனால் அப்பா பதறிப்போனார்.

"ஏன், அவருக்கு ஒடம்புக்கு ஏதாவதா?"

எல்கானா குனிந்துகொண்டான். "நாங்க நாலு பேரு சேந்து பிரார்த்தன பண்ணலாம்னு இருக்கோம்."

"நல்ல மனசுப்பா உனக்கு. அவரு போடற வரைபடம் உனக்குப் பிடிக்காதுன்னு எனக்குத் தெரியும். இருந்தும் பண்றியே! ஃபெய்கா. அந்தம்மா பேரு ஃபெய்கா."

அன்றைக்கு இரவு சாப்பாட்டின்போது அப்பா இதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். "சுவத்துல எழுதறத வச்சு மனுஷன எடபோடக் கூடாது" என்று எனக்குப் புத்தி வேறு சொன்னார். எல்கானா போன்றவர்களைப் பற்றி வீட்டில் திட்டிக்கொண்டிருந்தவள் நான்தான்.

ஓய்வுநாள் காலையில் ஜெபக்கூடத்தில், நோயாளிகள் பட்டியல் படிக்கும்போது அப்பா எழுந்து, "ஃபெய்காவின் மகன் யோயேல்" என்றார். நான் மேலே பெண்கள் பகுதியில் உட்கார்ந்திருந்தேன். காரியஸ்தர் பட்டியலை மூடிவைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

"யாரு, அந்த வரைபடக்காரனா?"

"அவருதான். படுத்திருக்காராம்."

பின் வரிசையிலிருந்து ஒரு குரல். "ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. தலைதான் சரியில்ல." சிரிப்பு எழுந்தது. இன்னொருவர் சிரிக்கவில்லை. கொல்லத் துரத்தி வருகிறவனை முந்திக்கொண்டு கொல்லலாம் என்று பழைய சட்டம் இருக்கிறதே, மண்ணை விட்டுக்கொடுக்கிறவனுக்கும் அது பொருந்துமா என்று பெரிய பெரிய ரபிகளே பேசிக்கொள்கிறார்கள் என்றார். மீன் துண்டுகளும் சாராயமும் வைத்திருந்த மேசையைச் சுற்றி நின்று, பிரார்த்தனை முடிந்த பிறகும் அதையே பேசினார்கள். பொருந்தும், பொருந்தாது, பாதி பொருந்தும் என்று. வீட்டு வாடகை கூடுமா கூடாதா என்று பேசுகிற குரலில் பேசினார்கள்.

"சட்டம் கெடக்கட்டும். ஒரு மனுஷன் படுத்திருக்கான்" என்றார் அப்பா. அவர்கள் மறுபடி மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவரும் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்கு அப்பா கிணற்றுச் சந்துக்குள் வண்டி தள்ளிக்கொண்டு போனார். சந்தின் கோடியில், இரும்புக் கம்பிக் கதவு வைத்த முற்றத்துக்குள் ஒரு சின்ன ஜெப அறை உண்டு. கதவருகே எல்கானா நின்று கூப்பிட்டான். அவன் முகம் வெளிறி உதடு காய்ந்திருந்தது.

"பத்தாவது, அண்ணே. சீக்கிரம்."

அப்பா உள்ளே போனார். உள்ளே நடந்ததை அவர் பிறகு எங்களிடம் சொன்னதை வைத்துத்தான் சொல்கிறேன். அறையில் எட்டு ஆண்கள். எல்கானாவோடு ஒன்பது. எல்லார் முகத்திலும் பசிக் களைப்பு. மேசைமேல் கறுப்பு மெழுகுவத்திகள் எரிந்தன.

"கரண்ட் போச்சா தம்பி?" என்று அப்பா கேட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை.

எல்கானா ஒரு தாளை எடுத்துப் படிக்கத் தொடங்கினான். வழக்கமான வாழ்த்து ஒன்று முதலில் வந்தது. மற்றவர்களோடு சேர்ந்து அப்பாவும் ஆமென் சொன்னார். அதற்குப் பிறகு வந்தது அரமேய மொழி. எல்கானாவுக்கு அது புத்தகத்தில் படித்த மொழி. ஒவ்வொரு சொல்லையும் கல்லைத் தாண்டுவதுபோலத் தாண்டினான். அப்பாவுக்கு அது அடுப்படி மொழி. ஸாக்கோவில் அவர் வீட்டில் வேறு எதுவும் பேசியதில்லை. இவன் விளக்கு அணையட்டும், இவன் நாட்கள் அறுந்துபோகட்டும், இவனைத் தேடி வருகிறவன் வழிதவறாமல் வரட்டும் என்று ஒவ்வொரு சொல்லும் அவருக்கு நேராகப் புரிந்தது. கடைசியில் ஃபெய்காவின் மகன் யோயேல் என்று வந்தது.

"நிறுத்து" என்றார் அப்பா.

எல்கானா நிறுத்தவில்லை.

"டேய், நிறுத்துடா! இது நோயாளிக்குச் சொல்றது இல்ல. நீ என்ன படிக்கறேன்னு ஒனக்குப் புரியுதா?"

"எனக்குப் புரியாட்டி என்ன அண்ணே? புரிய வேண்டியவருக்குப் புரியும்."

"அந்தப் பேர நான்தானடா குடுத்தேன்."

"அதுக்கு ஒங்களுக்குப் புண்ணியம் உண்டு."

அப்பா கதவை நோக்கி நடந்தார். பின்னாலிருந்து ஒருவர், "நீ போனா நாங்க ஒன்பது பேருதான்" என்றார்.

"அதுக்குத்தான் போறேன்."

வெளியே வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. இன்னொரு ஆளைக் கூப்பிட எவ்வளவு நேரம் ஆகும்? அந்த நேரத்தில் சந்தில் வேலை முடிந்து வருகிறவர்கள் எத்தனை பேர். "பத்தாவது" என்று ஒரு குரல் கேட்டால் எவனும் நின்று கேள்வி கேட்கமாட்டான். அவரே கேட்டதில்லையே.

முற்றத்துக் கம்பிக் கதவு வெளிப்பக்கமாகத் திறப்பது. அப்பா வண்டியிலிருந்த சிலிண்டர்களை ஒவ்வொன்றாக இறக்கிக் கதவோடு சேர்த்து அடுக்கினார். ஆறு முழுச் சிலிண்டர், மூன்று காலி. கடைசிச் சிலிண்டரை மேலே ஏற்றிவிட்டு அதன் முன்னால் நின்றுகொண்டார்.

நான் பேருந்திலிருந்து இறங்கிக் குறுக்கு வழியாக வந்தபோது பார்த்தது இதைத்தான். அப்பா ஒரு கதவின் முன்னால் கையை விரித்து நிற்கிறார். கம்பிகளுக்குப் பின்னால் ஒன்பது முகங்கள்.

"அப்பா, என்ன இது?"

"மணி என்ன?"

"நாலு இருபது."

"பொழுது எப்ப சாயும்?"

"அஞ்சு மணிக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது."

"அதுவரைக்கும் நில்லு. மூணு நாள் பட்டினி கெடந்து செய்யற சடங்கு இது, பெரியவங்க சொல்லிக் கேட்டிருக்கேன். இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள முடிக்கணும். இல்லன்னா மறுபடி பட்டினி கெடக்கணும்."

எல்கானா கம்பி வழியாகக் கத்திக்கொண்டிருந்தான். "பத்தாவது! பத்தாவது!"

மீன்காரர் யெஃபெத் வந்தார். அப்பாவின் பால்ய நண்பர். காலி வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கையை மேல்துணியில் துடைத்தார்.

"வழிய விடு ஷப்தாய். கூப்பிடறாங்கல்ல."

"போகாத."

"ஏன், யாரு செத்துட்டாங்க?"

"இன்னும் சாகல. அதுக்குத்தான் ஆள் கூப்பிடறாங்க."

யெஃபெத் சிரித்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "நீயா? பத்தாவது ஆளத் தடுக்கறது நீயா?"

"தால்மோன் பேர சொல்லிச் சபிக்கறாங்க. நான்தான் அம்மா பேரக் குடுத்தேன்."

யெஃபெத் வாளியைத் தூக்கிக்கொண்டார். அப்பாவோடு நிற்கவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை. "எனக்கு மீன் வேல இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு வாடிக்கையாளர்கள் எல்லாரும் அந்தத் தெருவில்தான்.

அடுத்து வந்தவரை எங்களுக்குத் தெரியாது. கறுப்புத் தொப்பி, கையில் துணிப்பை. கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்தவர் அப்பாவைத் தோளால் தள்ளப் பார்த்தார்.

"ஒரு நல்ல காரியத்தத் தடுக்கறியே, நீ யூதனா?"

"நல்ல காரியம்னா எதுக்குன்னு அவன்கிட்ட கேளுங்க. சத்தமா சொல்லச் சொல்லுங்க."

தொப்பிக்காரர் கம்பியைப் பார்த்தார். எல்கானா அதைச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, யாராவது வந்து அப்பாவை இழுத்துப்போகட்டும் என்று நினைத்தானோ என்னவோ, உரக்கக் கத்தினான்.

"அவனுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு! கேஸத் திறந்து விட்டுடுவேன்னு மெரட்டறான்!"

அப்பா வால்வைத் தொடக்கூட இல்லை. ஆனால் தொப்பிக்காரர் துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினார். மேலே மாடியில் ஒருத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். "கேஸ், கேஸ்" என்று சந்தின் முனைவரைக்கும் குரல் போயிற்று. இரண்டு நிமிடத்தில் சந்தில் ஒரு ஆள் இல்லை. எல்கானா கத்திக் கத்திக் கூப்பிட்டான். அவன் சொன்ன பொய்யே வாசலைக் காலி செய்துவிட்டது.

"மணி?"

"நாலு நாப்பத்தஞ்சு."

அதற்குப் பிறகுதான் உள்ளே இருந்தவர்கள் ஒன்றாகச் சேர்ந்து கதவைத் தள்ளினார்கள். முதல் தள்ளலில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதில் மேலே இருந்த முழுச் சிலிண்டர் சரிந்து அப்பாவின் இடது காலில் விழுந்தது. எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. அப்பா கத்தவில்லை. உருண்ட சிலிண்டரைக் கதவுக்கு எதிரே நிறுத்தி அதன்மேல் உட்கார்ந்தார். வியர்வை தாடியில் இறங்கியது. நான் அவருக்குப் பின்னால் முதுகைக் கொடுத்து நின்றேன். கம்பி வழியாக ஒருவன் என் பின்னலைப் பிடித்து இழுத்தான். "பொட்டச்சி, நகருடி" என்றான். எல்கானாதான் அவன் கையைத் தட்டிவிட்டான். அந்த நேரத்திலும் அவனுக்கு அந்த மரியாதை இருந்தது.

எதிர்மாடித் தண்ணீர்த் தொட்டியின் மேலிருந்த வெயில் போனது. உள்ளே யாரோ அழுதார்கள். மூன்று நாள் பட்டினி.

அப்பா மருத்துவமனைக்குப் போக மறுத்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் தத்தித் தத்தி தால்மோன் வீட்டுக்குப் போனார். அவர் மனைவி நுரித் கதவைத் திறந்தாள். தால்மோன் முழு ஆரோக்கியத்தோடு சாப்பாட்டு மேசையில் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அதே மேசையின் மறுபாதியில் வரைபடம் விரித்திருந்தது.

அப்பா எல்லாவற்றையும் சொன்னார். தான் சொன்ன ஒரு ஆமெனையும் மறைக்கவில்லை.

தால்மோன் சிரித்தார். "ஷப்தாய், நான் ஒரு நில அளவையாளன். மெழுகுவத்திக்கெல்லாம் பயந்தா வேலைக்கு ஆகுமா? மொதல்ல கால நீட்டு, பாக்கலாம்."

"சாபத்துக்கு நானும் பயப்படல சார். பத்து பேரு ஒரு பேர வாயால சொல்லி ஒத்துக்கிட்டாங்கன்னா, அதுல ஒருத்தனாவது மேல இருந்து நடக்கட்டும்னு காத்திருக்க மாட்டான்."

நுரித் கத்தியை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். "கடுதாசி வருது, ஃபோன் வருதுன்னு சொன்னா சிரிக்கறீங்க. இப்ப எங்க மாமியார் பேரு வரைக்கும் போயிருக்கு" என்றாள். அப்பா தலையைத் தூக்கவில்லை.

அப்போதுதான் தால்மோன் வரைபடத்தைக் காட்டினார். ஒரு குன்றின் அடிவாரத்தில் ஒரு நீரூற்று. அந்தப் பக்கத்து அளவையாளர் ஃபக்ரியும் இவரும் ஏழு மாதம் சண்டை போட்டு, ஊற்றை இரண்டு ஊரும் பயன்படுத்துகிற மாதிரி ஒரு கோட்டுக்கு வந்திருந்தார்கள். பென்சில் கோடு. "அடுத்த மாசம் மையில போட்டுடுவோம்" என்றார்.

அவர்கள் மறுபடி பட்டினி கிடந்தார்கள். ஊருக்கு வெளியே, வேறொரு பத்தாவது ஆளை வைத்து முடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். ஒரு வாரத்தில் சந்தைச் சுவரில் சுவரொட்டி வந்தது. ஃபெய்காவின் மகன் யோயேல். அப்பா கட்டுப் போட்ட காலோடு போய்ச் சுரண்டினார். நகம் பெயர்ந்ததுதான் மிச்சம்.

அந்தச் சனிக்கிழமை இரவுதான் பிரதமரைச் சுட்டார்கள். சுட்டவன் எங்களில் ஒருவன், வேதம் படித்தவன். வானொலியில் கேட்டுவிட்டு அப்பா அதை அணைத்தார். பிறகு சொன்னார்: "அவரோட அம்மா பேரையும் யாரோ ஒருத்தன் நல்ல மனசோட சொல்லியிருப்பான்."

தால்மோன் திங்கட்கிழமை குழுவிலிருந்து விலகினார். அப்பா அவரிடம் போய்க் கெஞ்சினார். "நீங்க போனா அவங்க ஜெயிச்ச மாதிரி ஆயிடுமே சார்."

"அவங்க பத்து பேரு ஷப்தாய். என் வீட்டுல ரெண்டு பேருதான்" என்றார் தால்மோன். ஃபக்ரி இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டதாகவும் தால்மோனால் எடுக்க முடியவில்லை என்றும் நுரித் பிறகு அம்மாவிடம் சொன்னாள். அந்தக் கோடு மையில் ஏறவில்லை. இப்போது ஊற்றுக்கு முன்னால் முள்வேலி இருக்கிறது. எந்தப் பக்கத்து ஆடும் அங்கே தண்ணீர் குடிப்பதில்லை.

எல்கானாவை யாரும் விசாரிக்கவில்லை. அவன் எங்கள் சந்தைவிட்டுப் போனான். பிறகு ஒரு பாடசாலைக்குத் தலைமை ஆசிரியர் ஆனான் என்று கேள்விப்பட்டேன்.

கால் ஆறி அப்பா மறுபடி எங்கள் ஜெபக்கூடத்துக்குப் போன முதல் நாள், காரியஸ்தர் வசனத்தைச் சொல்லி எண்ணினார். அப்பாவின் முகத்துக்கு வந்தபோது கண் அவரைத் தாண்டி அடுத்தவருக்குப் போனது. ஒன்பதாவது சொல்லோடு நிறுத்திவிட்டு, வாசலுக்குப் போய், "பத்தாவது!" என்று கத்தினார். அப்பா புத்தகத்தோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தார். யாரும் அவரைத் திட்டவில்லை, போகச் சொல்லவில்லை. எண்ணவில்லை, அவ்வளவுதான்.

பல நாள் அப்படியே போய் நின்றார். "நீங்க ஏன்பா அங்க போறீங்க?" என்று நான் சண்டை போட்டேன்.

"ஒரு நாள் மறந்தாப்புல எண்ணிடுவாங்க."

எண்ணவில்லை. அதன் பிறகு மேட்டின் மேலுள்ள வேறொரு கூடத்துக்கு, நொண்டிக்கொண்டு இருபது நிமிடம் ஏறிப் போனார். சிலிண்டர் வண்டியோடு போகும்போது யாராவது பத்தாவது என்று கூப்பிட்டால் நிற்பார். ஆனால் உள்ளே போகும் முன் ஒரு கேள்வி கேட்பார். "யாருக்காக?" பதில் சொல்லாதவர்களுக்கு அவர் பத்தாவது ஆகவில்லை. திமிர் பிடித்த சிலிண்டர்காரன் என்று பெயர் வாங்கினார்.

இருபத்துநான்கு வருடம் ஓடிவிட்டது. போன வாரம் அப்பா போய்விட்டார். அம்மா முன்னமே போயாயிற்று. மகன் இல்லாத வீடு. சித்தப்பா ஹபீப் கத்தீஷ் சொல்ல ஒப்புக்கொண்டார். ஏழு நாள் துக்கம் காக்கக் கண்ணாடிகளைத் துணி போட்டு மூடி, வழக்கப்படி கிழித்த சட்டைக் கழுத்தோடு தாழ்வான முக்காலியில் உட்கார்ந்தேன். மேட்டுக் கூடத்தார் ஐந்து நாள் தவறாமல் வந்தார்கள். ஆறாம் நாள் அவர்களில் ஒருவர் வீட்டில் கல்யாணம். முன்பே மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.

மாலைப் பிரார்த்தனைக்கு வந்தவர்களை நான் வாசலில் நின்று வசனத்தால் எண்ணினேன். சித்தப்பா. யெஃபெத், ஊன்றுகோலோடு. பக்கத்து வீட்டு அண்ணன் தம்பி இருவர். அப்பாவோடு வேலை பார்த்த நான்கு பேர். கடைசியாக தால்மோன். முழுக்க நரைத்துப்போயிருந்தார். யாரோ கொடுத்த காகிதக் குல்லாவைத் தலையில் வைத்து, கை எடுத்தால் விழுந்துவிடுமோ என்று அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வசனத்தில் ஒரு சொல் மீதி இருந்தது.

வெளியே ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். பெருத்த உடம்பு, நல்ல கோட்டு, வெள்ளைத் தாடி. குரல் வந்த பிறகுதான் எனக்கு அடையாளம் தெரிந்தது.

"ஒன்பது பேர்தான் இருக்கீங்க. ஜன்னல் வழியா பாத்தேன். நான் உள்ள வரட்டுமாம்மா?"

என் உடம்பு தானாகவே கதவு நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டது.

"எதுக்கு?"

"ஒங்க அப்பாவுக்கு ஆமென் சொல்ல." என்றார் எல்கானா. "பிரதமரச் சுட்ட அந்த நவம்பர்லேர்ந்து என்னால சரியாத் தூங்க முடிஞ்சது இல்ல. ஒங்க அப்பா உயிரோட இருக்கும்போதே வந்திருக்கணும். ரெண்டு தடவ சந்து முனை வரைக்கும் வந்தேன். செத்தவர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்னா பத்து பேரக் கல்லறைக்குக் கூட்டிட்டுப் போயி, என்ன பண்ணேன்னு அவங்க முன்னால வாயத் திறந்து சொல்லணும். சட்டம் அப்படி. நான் ஒரு பள்ளிக்கூடம் நடத்தறேன். என்னால அது முடியல. அதான் சும்மா வந்து ஒரு ஆமென்..."

உள்ளே சித்தப்பா கடிகாரத்தைப் பார்த்தார். "யாரும்மா அது? ஆளுன்னா உள்ள அனுப்பு, பொழுது போகுது."

"ஒரு நிமிஷம் சித்தப்பா."

பொழுது சாயக் கொஞ்ச நேரமே இருந்தது. அப்பாவுக்கு அன்றைய கத்தீஷ் வேண்டும். அதற்கு ஒரு ஆள் வேண்டும். ஆள் என் எதிரில் நிற்கிறார்.

"உள்ள ஒன்பது பேர் இருக்காங்க. ஒங்களோட பத்து" என்றேன். "கல்லறைக்கு யாரையும் கூட்டிட்டுப் போக வேண்டாம். இவங்க முன்னால சொல்லிட்டு உக்காருங்க. அந்தச் செவ்வாய்க்கிழம என்ன படிச்சீங்க, யார் பேர சொன்னீங்க, அந்தப் பேர எப்படி வாங்குனீங்கன்னு மட்டும் சொல்லுங்க. அப்புறம் எங்கப்பாவுக்கு ஆமென் சொல்லுங்க."

எல்கானா என் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனவர் காகிதக் குல்லாவில் நின்றுவிட்டார்.

"அவரா?"

"அவருதான். ஃபெய்காவோட மகன்."

தால்மோன் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். அவருக்கு எல்கானாவின் முகம் தெரியாது. எந்தக் காலத்திலும் தெரிந்ததில்லை. வந்தவருக்கு இடம் கொடுப்பதுபோல பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். பக்கத்து இடத்தைக் கையால் தட்டிக் காட்டினார்.

"வாங்க, வாங்க. எனக்கும் இதெல்லாம் பழக்கம் இல்ல. எங்க ஆமென் சொல்லணும்னு நீங்கதான் எனக்குச் சொல்லணும்."

நான் கைகளை எடுத்துவிட்டேன். வழி திறந்திருந்தது. எல்கானா ஒரு காலை நிலைப்படிக்குள் வைத்தார். அவர் உதடு அசைவதைப் பார்த்தேன். முதல் சொல்லைத் தேடுகிறார் என்றே நினைத்தேன். அது வந்திருந்தால் நானே நாற்காலி போட்டிருப்பேன். பிறகு அவர் காலைப் பின்னுக்கு எடுத்தார். கதவு நிலையில் பதித்திருந்த வேதவசனச் சிமிழைத் தொட்டு விரலை முத்தமிட்டார். மரியாதை குறையாமல் தலையைக் குனிந்தார். திரும்பிச் சந்தில் இறங்கி நடந்தார்.

நான் வாசலுக்கு ஓடி, வாழ்நாளில் முதல்முறையாக, "பத்தாவது!" என்று கத்தினேன். பெண் குரல் கேட்டு இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சந்து முனையில் எல்கானாவின் முதுகு ஒரு கணம் நின்று, பிறகு மறைந்தது. எதிர்மாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் இருந்த வெயில் போயிற்று.

சித்தப்பா புத்தகத்தை மூடினார். ஒன்பது பேரும் எழுந்து போகவில்லை. "என்னத்துக்குக் காத்திருக்கோம்?" என்று தால்மோன் மெதுவாக யெஃபெத்தைக் கேட்டார். யெஃபெத் என்னைப் பார்த்தார். நான் மறுபடி முதலிலிருந்து, ஆளுக்கு ஒரு சொல்லாக எண்ணிப் பார்த்தேன். சித்தப்பாவில் தொடங்கித் தால்மோனில் முடிந்தது. பத்தாவது சொல் என் வாயிலேயே இருந்தது.